பிஷப்புக்குத் தொப்பி கழற்றிய கதை

ஹவானாவுக்கு வெகுதூரத்தில் எங்கள் குருசெஸ் ஊரில் கசிமீரோவின் காரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. பிஷப் என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பான்டியாக் அது. கத்தரிப்பூ நிறம், சர்ச்சில் பிஷப் போட்டுக்கொள்கிற அங்கியின் நிறம். அது ஒரு காரணம். இன்னொன்று, தெருமுனையில் அது திரும்பினால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். பக்தியெல்லாம் இல்லை, இடம் பிடிக்கத்தான். சியென்ஃபுவேகோஸ் நகரத்துக்குப் போக பஸ் வரும் என்று நம்பி அந்த முனையில் நின்ற ஒருத்தனுக்குக் காலில் வேர் விட்டு, அடுத்த வருஷம் கொய்யா காய்த்தது என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்வார்கள்.

அந்தக் காரில் அமெரிக்காக்காரன் செய்ததாக மிச்சம் இருப்பது தகரமும் பெயரும்தான். எஞ்சின் ஒரு ரஷ்ய ஜீப்பிலிருந்து வந்தது. கியர் பெட்டி ஒரு லாடா காருடையது. ஸ்டியரிங் எந்தத் தேசம் என்று அதற்கே மறந்துபோயிற்று. பிரேக் எண்ணெய் கிடைக்காத வாரங்களில் கசிமீரோ ஷாம்பு ஊற்றுவான். ஓங்கி மிதித்தால் நாலு சக்கரமும் நுரை கக்கும், பின்னால் வருகிறவனுக்குத் தலை குளித்த வாசம் அடிக்கும். காரின் மூக்கு நுனியில் அலங்காரமாக இருந்த செவ்விந்தியத் தலைவரின் தலையை என்றைக்கோ எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த இடத்தில் ஒரு குளியலறைக் குழாய் பளபளவென்று நிற்கிறது. திருகினால் தண்ணீர் வரும் என்று சொல்லி வெளியூர்க்காரர்களை நிறையப் பேரைத் திருக வைத்திருக்கிறோம்.

இத்தனை இருந்தும் ஜனங்களுக்கு அதுதான் வேண்டும். சீனாக்காரனின் புதுக் கார் ஏசி போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாலும், "நீங்க போங்க, நாங்க பிஷப்ல வர்றோம்" என்பார்கள். புதுக் காருக்குள் உட்கார்ந்தால் ஊசி போடப் போகிற மாதிரி இருக்கிறதாம். பிஷப்பின் முன் சீட் ஒரு சோபா. பானெட்டின் மேல் ஒரு ஜோடி நடனம் ஆடலாம், ஓரமாக மேளக்காரனையும் உட்கார வைக்கலாம். கதவைச் சாத்தினால் நன்றாகச் சாப்பிட்ட பணக்காரன் ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதில் ஏறி உட்கார்ந்த யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். கோழி விற்கப் போகிற கிழவிகூட முழங்கையை ஜன்னல் மேல் வைத்து, பேட்டி கொடுக்கப் போகிறவள் மாதிரி வெளியே பார்ப்பாள்.

ஒரே ஒரு குறை, நிற்கும். எங்கே, எதற்கு என்று சொல்ல முடியாது. வழியில் இருக்கிற பல்மீரா ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் அதற்கு. கசிமீரோ இறங்கிப் பானெட்டைத் தூக்கி உள்ளே ஏதோ காதோடு காதாகப் பேசுவான். அதற்குள் இறங்கியவர்கள் கரும்புக்காட்டு ஓரத்தில் அரட்டையடிப்பார்கள். அப்படி நின்ற நேரத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்களே எங்கள் ஊரில் ஒரு தெரு இருக்கிறார்கள்.

இது எல்லாம் நெரெய்தா இருந்தபோது.

நெரெய்தா கசிமீரோவின் மனைவி. பெரிய வாய்க்காரி. புருஷனுக்கும் வாய் நீளம்தான், ஆனால் இவள் முன்னால் அவன் ஊமை. ஒரு மத்தியானம் அவளுக்கு நெஞ்சில் வலி வந்தது. கசிமீரோ அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து சியென்ஃபுவேகோஸ் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். போய்ச் சேரும்போது அவள் இல்லை.

அதற்கப்புறம் கசிமீரோவை எதுவும் தொடவில்லை. அழவில்லை. குடிக்கவும் இல்லை. குடித்திருந்தாலாவது எங்களுக்குப் புரிந்திருக்கும். வழக்கம்போல காலையில் காரை எடுப்பான், ஆள் ஏற்றுவான், இறக்குவான். யார் எது சொன்னாலும் "எனக்கென்ன" என்பான். "ரேடியேட்டர் கொதிக்குதுப்பா." "எனக்கென்ன." "உன் தட்டுல எறும்பு." "எனக்கென்ன." ஒருநாள் சூடான சைலன்சரில் முழங்கை பட்டுக் கருகுகிற வாசனை எங்கள் மூக்கு வரை வந்தது. அவன் அப்போதுதான் கையைப் பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்க்கிற மாதிரி.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெரெய்தாவின் தங்கை மிக்தாலியா அவன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் காபி போட்டாள். பாதிக் காபித்தூள், பாதி வறுத்த கொண்டைக்கடலை. இருவரும் குடித்தார்கள்.

"அத்தான், எம் பொண்ணு தாயாமிக்கு வர்ற மாசம் பதினஞ்சு முடியுது."

"ம்."

"கவுன் தைக்கக் குடுத்தாச்சு. வீட்டு வாசப்படியில நுழையுமான்னு சந்தேகம், அவ்வளவு அகலம். கேக்கும் சொல்லியாச்சு. போட்டோ எடுக்கக் கடற்கரைக்குப் போகணும்ல. அங்க பதினஞ்சு முடியுற எல்லாப் பொண்ணுங்களும் மேல தொறந்த கார்ல, பின் சீட்டு முதுகுல ஏறி உக்காந்து கை ஆட்டிட்டுப் போவாங்க, பாத்திருப்பீங்களே."

"பாத்திருக்கேன்."

"பக்கத்துத் தெரு மாமா அவரோட சீனாக் கார் தர்றேன்னாரு. இவ தரையில உக்காந்து அழறா. அதுல போனா யாரு திரும்பிப் பாப்பாங்க, அதுக்கு ஃப்ரிட்ஜுல உக்காந்து போகலாம்னு சொல்றா. பிஷப்புதான் வேணுமாம்."

"எடுத்துட்டுப் போங்க."

"பிஷப்புக்குக் கூரை இருக்கே அத்தான்."

கசிமீரோ காபிக் கோப்பையைப் பார்த்தான். மிக்தாலியா மூச்சு விடாமல் பேசினாள். கூரையை அறுத்துவிடலாம், ஹவானாவில் எல்லாரும் அறுக்கிறார்கள், கப்பலில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் திறந்த காரைக் கண்டால் ஓடி வந்து ஏறுகிறார்கள், இந்த வயசில் கோழிக்கும் வாழைத்தாருக்கும் நடுவே எதற்கு ஓட்ட வேண்டும். பேசும்போது அவள் முகத்தில் ஒரு இறுக்கம் இருந்தது. அறுக்கலாம் என்கிற சொல்லை மட்டும் தேவைக்கு மேல் அழுத்திச் சொன்னாள். கசிமீரோ அதைக் கவனித்தான். ஏன் என்றும் அவனுக்குத் தெரியும்.

ஊரே அப்படித்தான் நம்பியது. அன்றைக்கும் பிஷப் வழியில் நின்றுவிட்டது, இவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது நெரெய்தா போய்ச் சேர்ந்தாள் என்று. யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்த விஷயம். நிற்காமல் பல்மீரா தாண்டாத வண்டி அன்றைக்கு மட்டும் நிற்காமல் இருக்குமா? கசிமீரோவும் திருத்தவில்லை. கார்மேல் பழி என்றால் எல்லாரும் காரைப் பார்ப்பார்கள், அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

"அறுத்துக்கோ" என்றான்.

மிக்தாலியா சற்றுத் திகைத்தாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள் பாவம். "நெசமாவா? அக்கா அந்தக் கூரைக்கு உள்பக்கம் தன் கையால துணி தச்சு ஒட்டியிருக்கு."

"தெரியும்."

தெரிந்துதான் சொன்னான். பழைய திரைச்சீலை, மஞ்சள் பூப்போட்டது. நெரெய்தா சீட்டில் மல்லாந்து படுத்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒட்டியது. வாயில் ஊசி இருந்ததால் அன்றைக்கு ஒருநாள்தான் அவள் பேசாமல் இருந்தாள் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அதை அறுக்கும்போது வலிக்கும். வலிக்கட்டும் என்று நினைத்தான். அதற்காகத்தான் சரி என்றான். இதற்கும் வலிக்கவில்லை என்றால் தான் முழுசாகச் செத்தாயிற்று, மூச்சை மட்டும் எவனோ நிறுத்த மறந்துவிட்டான் என்று அர்த்தம்.

தகரவேலை செய்கிற தொரிபியோவிடம் காரைக் கொண்டுபோனார்கள். தொரிபியோ கசிமீரோவோடு ஒன்றாகப் படித்தவன், ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவன். ரொட்டி அடுப்பிலிருந்து சவப்பெட்டிக் கைப்பிடி வரை எதையும் செய்வான். எல்லாமே கொஞ்சம் சாய்வாக இருக்கும்.

"டேய், நல்லா யோசிச்சியா?" என்றான் தொரிபியோ. "கூரைங்கறது குடை இல்லடா. அதுதான் முதுகெலும்பு. எடுத்துட்டா நடுவுல தொங்கிடும், கர்ப்பமான கழுதை மாதிரி."

"அறு."

"அடியில இரும்புச் சட்டம் வச்சுப் பத்தவைக்கணும். நல்ல இரும்புக்கு நான் எங்க போவேன்? எங்க மாமியா கட்டில் ஒண்ணு கெடக்கு."

"அத வை."

"மாமியா அதுல படுத்திருக்கு."

"எனக்கென்ன."

தொரிபியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்துக்குக் குருசெஸ் நாய்கள் அத்தனையும் ஊரைக் காலி செய்துவிட்டுக் கரும்புக்காட்டுக்குள் போய்விட்டன. நாலு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கினார்கள். மஞ்சள் பூத் துணி கிழிந்து தொங்கியது. இத்தனை வருஷம் நிழலில் இருந்த சீட்டின் மேல் வெயில் விழுந்தது.

கசிமீரோ காத்திருந்தான். பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நின்று, தன் நெஞ்சுக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கூரையை முற்றத்தில் சாய்த்து வைத்தார்கள், உடனே ஒரு கோழி அதற்கடியில் போய் உட்கார்ந்தது. அவன் கோழியைப் பார்த்தான்.

"என்னடா?" என்றான் தொரிபியோ.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா, ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

தொரிபியோ கட்டில் சட்டத்தைப் பற்றவைக்கப் போனான். மாமியாரைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தாயிற்று. அவள் திட்டிய திட்டில் பற்றவைக்கத் தேவைப்பட்ட சூட்டில் பாதி கிடைத்துவிட்டது.

அடுத்த மாதம், பிறந்தநாள் சனிக்கிழமை மத்தியானம், மிக்தாலியா வீட்டு வாசலில் பிஷப் வந்து நின்றபோது தெரு வாயைப் பிளந்தது. தொப்பி இல்லாவிட்டாலும் என்ன அழகு. கழுவித் துடைத்து, குழாயில் ரிப்பன் கட்டி, பக்கத்துக் கம்பிகளை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அவற்றில் முகம் பார்த்து மூன்று பேர் தலை வாரினார்கள். தாயாமி நீலக் கவுனில் வந்தாள். அதை உள்ளிருந்து விரித்து நிறுத்திய வளையங்கள் தெருவின் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டன. நாலு பெண்கள் அவளைத் தூக்கிப் பின் சீட்டு முதுகின் மேல் வைத்தார்கள். மிக்தாலியா இறுக்கமான பாவாடையில், மடியில் கேக்கோடு முன்னால் ஏறினாள். கேக்கை ஏன் கடற்கரைக்குக் கொண்டுபோகிறாள் என்று கேட்டதற்கு, வீட்டில் வைத்தால் வந்த ஜனம் விட்டுவைக்காது என்றாள். தொரிபியோ பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் போட்டோக்காரனை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

ஊரைத் தாண்டினார்கள். சாலையில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். ஒரு டிராக்டர்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். தாயாமி ராணி மாதிரி கை ஆட்டினாள். "பெரியப்பா, மெதுவாப் போங்க, அந்தப் பக்கம் வீட்டுல இன்னும் வெளிய வரல" என்றாள். கசிமீரோ மெதுவாகப் போனான்.

பல்மீராவுக்கு முன்னால் கரும்பு ரயில் போகிற தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. பிஷப் முன் சக்கரத்தை ஏற்றி இறக்கியது. பின் சக்கரம் ஏறும்போது அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாமியார் கட்டில் உயிரை விட்ட சத்தம். கார் நடுவில் தொங்கியது. இரண்டு பக்கக் கதவுகளும் மேலே நெருங்கி, சட்டத்தில் போய்க் கடித்துக்கொண்டன. பத்தடி போய், எஞ்சினும் நின்றது.

அதே நேரம் வானமும் திறந்தது. எங்கள் ஊரில் மத்தியான மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. வாளியைக் கவிழ்த்ததோ, ஆற்றையே கவிழ்த்ததோ. கேக்கின் நீலப் பூ முதலில் கரைந்தது, பிறகு மிக்தாலியாவின் கண் மை.

கசிமீரோ கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. தொரிபியோ வெளியிலிருந்து காலை ஊன்றி இழுத்தான். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. ஏறிக் குதிக்கலாம் என்றால் தாயாமியின் வளையங்கள் சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் சிக்கியிருந்தன, மிக்தாலியாவின் பாவாடையில் காலைத் தூக்க முடியாது. போட்டோக்காரன் தன் பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு மரத்தடிக்கு ஓடிவிட்டான்.

"உள்ளயே உக்காந்திருங்க, நான் ஆள் கூட்டிட்டு வர்றேன் தள்ள" என்று தொரிபியோவும் கிளம்பிவிட்டான்.

மூன்று பேரும் கூரையில்லாத காருக்குள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மிக்தாலியா பேசினாள். கத்தவில்லை, அதுதான் மோசம்.

"நின்னுடுச்சு. இல்ல? இப்படித்தான நின்னிருக்கும். எங்கக்கா பின்னால படுத்திருக்கும்போது இப்படியே, இந்த ரோட்டுலயே. இதத் தெருவுல பாக்கும்போதெல்லாம் எனக்குக் கல்லெடுத்து அடிக்கணும்போல இருக்கும் அத்தான். உங்களுக்காகப் பேசாம இருந்தேன். அறுக்கச் சொன்னதும் அதுக்குத்தான். பொண்ணு ஆசைப்பட்டா, அது வேற. ஆனா எனக்கு இத அறுத்துப் பாக்கணும்."

"அம்மா" என்றாள் தாயாமி பின்னாலிருந்து.

கசிமீரோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். இப்போதும் 'எனக்கென்ன' என்று சொல்லிவிடலாம். வாய்க்கு அது பழகிய பாதை.

"நிக்கல" என்றான்.

"என்ன நிக்கல?"

"அன்னிக்கு இது நிக்கல மிக்தாலியா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு இடத்துலயும் நிக்கல. இந்தத் தண்டவாளத்துல நானே பயந்தேன். துணி மேல ஏறுன மாதிரி ஏறி இறங்குச்சு. பல்மீரா தாண்டுச்சு. மேட்டுல இருமல்கூட இல்ல. வாங்கின நாள்லருந்து அப்படி ஓடுனதே இல்ல. உங்கக்காவே பின்னாலருந்து சொன்னா, 'பாத்தீங்களா, நான் செத்தாத்தான் இது ஒழுங்கா ஓடும்னு இத்தன வருஷம் காத்திருந்திருக்கு'ன்னு. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அப்புறம் நான் ரோட்டப் பாத்து ஓட்டிட்டிருந்தேன். இதவிட வேகமா யாராலயும் போயிருக்க முடியாது. போனேன். போயும் பத்தல."

மிக்தாலியாவின் மடியில் கேக் சாய்ந்து, கிரீம் பாவாடையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"நின்னிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான் கசிமீரோ. "ஒரு சுத்தியல எடுத்து இத அன்னிக்கே ஒடச்சிருப்பேன்."

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"நீ இதத் திட்டிட்டிருந்த. உனக்குத் திட்ட ஒண்ணு இருந்துச்சு. அதையும் எதுக்குப் புடுங்கணும்?"

"இப்ப நான் யார் மேல அத்தான் கோவப்படறது?"

"அதத்தான் நானும் தேடுறேன். கெடச்சா உனக்குச் சொல்றேன்."

மிக்தாலியா அழுதாளா, மழையா என்று சொல்ல முடியவில்லை. கையை நீட்டி முன்பலகையை ஒரு அடி அடித்தாள். பலமாக இல்லை. இரண்டாவது அடி அதைவிட மெதுவாக விழுந்தது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கி, அங்கேயே வைத்துவிட்டாள்.

"எங்க படுத்திருந்தாங்க?" என்று கேட்டாள் தாயாமி.

"நீ கால் வச்சிருக்கியே, அங்க தலை."

தாயாமி குனிந்து பார்த்தாள். பிறகு, வளையங்கள் மடமடவென்று முறிய, சீட்டு முதுகிலிருந்து சரிந்து இறங்கி, அந்தச் சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்தாள். மாதக் கணக்கில் தைத்த கவுன் நசுங்கிப் போயிற்று. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தொரிபியோ கரும்பு வெட்டுகிற ஆட்கள் சிலரோடு திரும்பி வந்தான். வெட்டுக்கத்திகளைப் பின் சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். "ராணியம்மா, கொஞ்சம் எடையக் கொறச்சுக்கோங்க" என்று ஒருத்தன் சொல்ல, "கேக்கு பாதி கரைஞ்சிருச்சுப்பா, அந்த எடை போச்சு" என்றாள் தாயாமி. காரோ அசையவில்லை. நடுவில் தொங்கிய வயிறு தார்ச்சாலையை உரசிக்கொண்டிருந்தது.

"இது இனிமே கப்பல்ல வர்றவனுக்கு ஆகாதுடா" என்றான் தொரிபியோ மூச்சு வாங்கியபடி. "பழைய மாதிரியும் ஆகாது. என் வேலை அது, தெரியுமில்ல. மன்னிச்சுக்கோ."

கசிமீரோவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு கோடு போல அது இறங்குவதை அவன் கவனித்தான். பல் தடதடவென்று அடித்துக்கொண்டது. அது அவனுடைய பல் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"என்ன அத்தான், நடுங்குறீங்க" என்றாள் மிக்தாலியா.

"குளிருது" என்றான்.

அவள் கேக்கைத் தூக்கிக் கதவுக்கு மேலாகத் தொரிபியோவின் கையில் திணித்தாள். கேக் தட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பை உருவி, கிரீமோடு கிரீமாக அவன் தோளில் போர்த்தினாள். அவன் அதை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டான். "இன்னும் குளிருது" என்றான், யாரும் கேட்காமலே. கரும்பு வெட்டுகிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி மறுபடி தோளைக் கொடுத்தார்கள். அவன் நடுங்கிக்கொண்டே ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தான்.